சத்தம் வரவில்லை

ஏகாம்பரகுப்பத்தில் பகலில் யாரும் பேசுவதில்லை,
வாயசைப்பார்கள்.
தெருவுக்கு நாற்பது பவர்லூம்.
காலை ஆறுக்கு ஏறும் கடக்கடக்
ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறங்கும்.

தேசம்மா போன் பண்ணியபோது
எனக்குத் தறிதான் கேட்டது.
மூன்றாம் தடவை ‘டிவி’, ‘ஒயர்’ என்று
இரண்டு சொல் பிடிபட்டன.
கடையைத் தம்பியிடம் விட்டு
லேப்டாப்பும் ஒன்றரை மீட்டர் எச்டிஎம்ஐ ஒயருமாக
ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்று
போய்ச் சேர்ந்தேன்.

பென் டிரைவை டிவியிலேயே செருகிப் பார்த்திருக்கிறாள்.
டிவி தெலுங்கில் மன்னிப்புக் கேட்டிருக்கிறது,
இந்த மாதிரிக் கோப்பு தனக்குத் தெரியாதென்று.

சுவரில் உயரத்தில் அறைந்த டிவி.
பின்னால் விரல் நுழையாத சந்து.
ஸ்டூலில் ஏறிக் கன்னத்தைச் சுண்ணாம்பில் ஒட்டித்
தடவித் தடவி ஓட்டையைப் பிடித்தேன்.
தலைகீழாகச் செருகினால் ஏறாது,
நேராகச் செருகினாலும் முதல் தடவை ஏறாது.
ரிமோட்டுக்குப் பின்மூடி இல்லை,
பேட்டரியை ரப்பர் பேண்ட் பிடித்திருந்தது.
ஒன்றை அழுத்தினேன். சிக்னல் இல்லை.
இரண்டு.
நீலம், பிறகு கறுப்பு, பிறகு
வாழைமரம் கட்டிய மண்டபம்.

படம் வந்துவிட்டது.
சத்தம் வரவில்லை.

வந்தது, உண்மையில். லேப்டாப்பின் அடிவயிற்றிலிருந்து
கொசு மாதிரி.
அடுத்த அறையில் ஆறு தறி ஓட
கொசுவை யார் கேட்பது?

செட்டிங்ஸைத் திறந்தேன்.
பட்டியலில் ஸ்பீக்கர் மட்டும்.
ஒயர் வீடுவரை வந்திருக்கிறது,
டிவியின் பேர் பத்திரிகையில் இல்லை.
கழற்றினேன், மாட்டினேன்,
லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன்.
“ஒரு நிமிஷம்கா, வந்துடும்.”

அவள் திரும்பவேயில்லை.
“மாமா செருப்பைத் தேடறார்” என்றாள் திரையைப் பார்த்தபடி.
“சின்னத்தை சமையல்காரனை வையறா.
ரேணுவுக்கு ஜடை கனக்குதாம்.”

எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.
இருபது வருஷம் தறியடியில் நின்றவள்.

தங்கச்சி கல்யாணம். புத்தூரில், போன மாசம்.
இங்கிருந்து அரைமணி பஸ்.
பத்திரிகை வரவில்லை,
வீடியோக்காரப் பையன் கொடுத்த திருட்டுப் பிரதி வந்தது.
நாகபூஷணம் தறியறையிலிருந்து எட்டிப் பார்த்துப்
புருவத்தால் ஏதோ கேட்டார்,
பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார்.
அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து
பதினோரு வருஷமாக இவள் அந்தத் தெருவை மிதிக்கவில்லை என்பது
நகரியில் எல்லாருக்கும் தெரியும்.
எனக்கும்தான்.

தாலி கட்டும் நேரம்.
எல்லாரும் மணவறையைப் பார்க்க
அவள் அம்மா மட்டும் கேமராவைப் பார்த்தாள்.
பார்த்து என்னவோ சொன்னாள்.
மூன்று சொல் இருக்கும்.

தேசம்மா இதை எனக்குச் சொல்லவில்லை.
விரலைப் பின்னோக்கிச் சுழற்றினாள்.
ஓட்டினேன்.
மறுபடியும் சுழற்றினாள்.
ஐந்தாறு தடவை இருக்கும்,
நானும் அந்த வாயையே பார்த்தேன்.
எனக்கு அது வெறும் வெற்றிலைச் சிவப்பு.

அப்போது கரண்ட் போனது.
நாற்பது தறியும் ஒரே மூச்சில் நின்றன.
தூரத்தில் எவரோ ‘போயிந்தி ரா’ என்றது
காதருகே கேட்டது.
டிவி கறுத்தது.
பேட்டரியில் லேப்டாப் மட்டும் ஓட,
இவ்வளவு நேரம் நான் தேடிய சத்தம்
அறை கொள்ளாமல் வந்தது.
நாதஸ்வரம். தவில்.
சின்னத் திரையில் அம்மா வாய் திறந்தாள்,
கெட்டிமேளம்,
அவள் வாய் மூடி முகம் திரும்பிய பிறகும்
கெட்டிமேளம்.

“ஒண்ணும் கேக்கலையேக்கா” என்றேன்.
என் குரலே எனக்குக் கத்தலாக இருந்தது.

என்னைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள்,
தறி நின்றதை மறந்து
உதட்டால் மட்டும்.
புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

பிறகு லேப்டாப்பைப் பாதி மூடி
மேளத்தை நிறுத்தினாள்.
“கரண்ட் வரட்டும், இரு” என்றாள்
தெருவுக்கே கேட்கும்படி.